நரைமுடிக்குக் கால்ஷீட்

கிழவர் வேஷத்துக்குக் கிழவரையே கூப்பிடும் வழக்கம் நம் சினிமாவில் ரொம்ப காலத்துக்கு இருந்ததில்லை. 1947-ல் ஏவி.எம்.மின் ‘நாம் இருவர்’ வந்தபோது அதில் 60 வயது மனிதராக வந்து நின்ற வி.கே.ராமசாமிக்கு வயது 21. அதன் பிறகு அவரை இளைஞராகத் திரையில் பார்த்த ஞாபகம் எனக்கு இல்லை. 1953-ல் ஔவையாராகக் கோலூன்றி வந்த கே.பி.சுந்தராம்பாளுக்கு 44. ‘வியட்நாம் வீடு’ 1970-ல் வந்தது. பணி ஓய்வு பெற்று, குடும்பத்தின் மதிப்பையும் இழந்து தளர்ந்துபோன பிரஸ்டீஜ் பத்மநாபனைப் பார்த்துத் தியேட்டரில் அழாதவர் குறைவு. அந்தத் தளர்ச்சியை நடித்த சிவாஜிக்கு அப்போது 41. இன்னும் கால் நூற்றாண்டு கழித்து, 1996-ல், கமல்ஹாசனை ‘இந்தியன்’ தாத்தா ஆக்க ஹாலிவுட்டிலிருந்து மேக்கப் கலைஞர்கள் வரவேண்டியிருந்தது. அவருக்கும் அப்போது வயது 41தான். இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது நிஜக் கிழவர்கள் என்ன செய்தார்கள்? பஞ்சாயத்து சீனில் ஆலமரத்தடியில் உட்கார்ந்து நாட்டாமை சொல்வதற்கெல்லாம் தலையாட்டினார்கள். பேட்டாவும் சாப்பாட்டுப் பொட்டலமும் கிடைத்தன. வசனம் கிடைக்கவில்லை.

இப்போது என் கஷ்டம் நேர் எதிரானது. எங்கள் யூடியூப் சேனலின் சின்னச் சின்ன வீடியோக்களுக்கு நரைமுடிதான் மூலதனம். எங்கள் ராஜபார்ட் அண்ணனுக்கு எழுபத்தாறு வயது நடக்கிறது. காலையில் ஷூட்டிங் என்றால் அவர் முந்தின ராத்திரியே தலைக்கு மை அடித்து, மீசைக்கும் அடித்து, புருவத்தையும் விடாமல் முடித்து, விடியக் காலையில் ஆட்டோவில் வந்து இறங்குவார். என் அக்கா மகன்தான் டைரக்டர், எடிட்டர், சேனல் முதலாளி எல்லாம். அவன் அவரை ஒருதரம் பார்ப்பான், என்னை ஒருதரம் பார்ப்பான்.

“மாமா, தாத்தா கேரக்டருக்குத் தாத்தா மாதிரி ஒரு ஆளத்தான நான் கேட்டேன்?”

“தம்பி, நாப்பது வருசமா முருகன் வேஷம் கட்டுனவன் நான். நரச்ச தலையோட ஜனங்க முன்னால போய் நிக்க முடியுமா?” என்பார் அண்ணன்.

கடைசியில் டால்கம் பவுடரைக் கொட்டி அந்தக் கறுப்பை வெளுப்பாக்குவோம். எழுபத்தாறு வயதுக்காரருக்குக் கிழவர் மேக்கப். மேலே சொன்ன படங்களுக்கும் எங்களுக்கும் பட்ஜெட்டில்தான் வித்தியாசம்.

நான் இந்தத் தொழிலுக்குள் வந்தது கல்யாண வீடுகள் வழியாக. எண்பதுகளின் கடைசியில் மதுரையில் வீடியோக்காரன் என்றால் தோளில் பானசோனிக் எம்-7, பக்கத்தில் சன்கன் லைட்டைத் தூக்கிக்கொண்டு ஒரு பையன், அந்தச் சூட்டில் பவுடர் வழிய நிற்கும் கல்யாணப் பெண். தை, வைகாசி, ஆவணி முகூர்த்தங்களுக்கு நடுவே பங்குனி, சித்திரையில் கோயில் திருவிழாக்கள் வரும். மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமங்களில் திருவிழா என்றால் ஒரு ராத்திரிக்கு நாடகம் கட்டாயம். அதைக் கேசட்டில் பிடித்துத் தரச் சொல்லி விழாக் கமிட்டியார் கூப்பிடுவார்கள்.

ஸ்பெஷல் நாடகம் பார்த்திராதவர்களுக்காக ஒரு வார்த்தை. அதில் கம்பெனி கிடையாது, ஒத்திகை கிடையாது, டைரக்டர் கிடையாது. கதாநாயகனான ராஜபார்ட்டை ஓர் ஊரிலிருந்தும், நாயகியான ஸ்திரீபார்ட்டை வேறோர் ஊரிலிருந்தும், கோமாளியான பபூனை இன்னோர் ஊரிலிருந்தும் தனித்தனியாகப் பேசி முடிப்பார்கள். ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்டு வாசிப்பவர்களும் அப்படியே. ராத்திரி மேடைக்குப் பின்னால் தட்டியை மறைத்துக் கட்டிய இடத்தில்தான் ஒருத்தரை ஒருத்தர் பார்ப்பார்கள். ‘வள்ளி திருமண’மா, ‘அரிச்சந்திரா’வா என்று தெரிந்தால் போதும். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதி வைத்துவிட்டுப் போன கதையும் பாட்டும் எல்லோருக்கும் மனப்பாடம். மீதி வசனம் மேடையிலேயே பிறந்து மேடையிலேயே போய்விடும். பத்து மணிக்கு ஆரம்பித்தால் விடிந்துதான் மங்களம். ஒத்திகை இல்லை, ஸ்கிரிப்ட் பேப்பர் இல்லை, செட்டுக்கு நான்கு திரைச்சீலை. லோ பட்ஜெட் என்று பிற்பாடு எங்கள் பையன்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்டதெல்லாம் அந்தத் தட்டி மறைப்புக்குள் ஒரு நூற்றாண்டாக நடந்துகொண்டிருந்தது.

அப்போது பிரச்சினை கேசட். ஒரு கேசட் மூன்று மணி நேரம் ஓடும். நாடகம் எட்டு மணி நேரம். கமிட்டி இரண்டு கேசட்டுக்குத்தான் காசு கொடுக்கும். எதை எடுப்பது, எதை விடுவது என்று நான் மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டியதே இல்லை, கமிட்டித் தலைவரே முடிவு செய்துவிடுவார். அவருக்குத் துண்டு போடுவது, ஊர்ப் பெரியவர்களுக்குத் துண்டு போடுவது, அன்பளிப்புக் கொடுத்தவர்கள் பெயரை மைக்கில் வாசிப்பது, பபூனும் டான்ஸ்காரியும் போடும் ஆட்டம். இத்தனையும் அடங்குவதற்குள் முதல் கேசட் போய்விடும். இரண்டாவது, வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்கும் தர்க்கத்தின் நடுவில் நின்றுவிடும். என்னிடம் இருந்த ‘வள்ளி திருமணம்’ கேசட் எதிலும் திருமணம் கிடையாது.

அந்தக் கேசட்டுகளில் முப்பது, நாற்பது வயதில் தகதகவென்று நின்றவர்கள்தான் இன்று என் அக்கா மகனின் தாத்தா பாட்டிகள். எங்களைச் சேர்த்து வைத்தது கொரோனா. 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு அறிவித்தார்கள். பங்குனி அப்போதுதான் பிறந்திருந்தது. வருஷம் முழுக்கச் சாப்பிடுவதற்கு இவர்கள் சம்பாதிக்கிற மாதங்கள் அப்படியே போயின. மறுவருஷச் சித்திரையும் போனது. சென்னையில் எடிட்டிங் வேலையிலிருந்த அக்கா மகன் வேலை போய்ச் சோழவந்தானுக்கு வந்து உட்கார்ந்திருந்தான். 2020 ஜூன் கடைசியில் டிக்டாக்கைத் தடை செய்தார்கள். செப்டம்பரில் யூடியூப் தன் ஷார்ட்ஸை உலகத்திலேயே முதலாவதாக இந்தியாவில் சோதித்துப் பார்க்க ஆரம்பித்தது. செல்போனை நட்டுக்குத்தாகப் பிடித்து ஒரு நிமிஷத்துக்குள் எடுத்தால் அப்போது போதுமாக இருந்தது. பையனிடம் போன் இருந்தது. எனக்கு ஆட்களைத் தெரியும். பழைய நாடக நோட்டீஸ்களை எடுத்து, அதிலிருந்த நம்பர்களுக்கு ஒவ்வொன்றாகப் போன் போட்டேன்.

“என்ன நாடகம்?” என்றார் பபூன் அண்ணன்.

“நாடகம் இல்லண்ணே, வீடியோ. ஒரு நிமிஷம்.”

“ஒரு நிமிஷம் பேசத்தான கூப்பிட்ட? அத இப்பவே போன்ல பேசிருவோம், வந்து போற காசு மிச்சம்.”

வந்தார்கள். வந்த பிறகுதான் வேடிக்கை.

முதலில் குரல். மைக் எட்டாத கடைசிப் பாய்வரைக்கும் கேட்க வேண்டும் என்று பழகிய தொண்டைகள் அவை. பையன் ஒரு சின்ன லேபல் மைக்கைச் சட்டைக் காலரில் குத்திவிட்டு, “தாத்தா, மெதுவாப் பேசினாப் போதும், ரகசியம் பேசுற மாதிரி” என்பான். ராஜபார்ட் அண்ணன் ரகசியம் பேசுவார். மீட்டர் சிவப்புக்குப் போய் அங்கேயே நிற்கும், எதிர்வீட்டு ஆள் வெளியே வந்து என்ன சண்டை என்று விசாரிப்பார். மேடையில் ரகசியம் என்பதும் சபைக்குக் கேட்க வேண்டிய சமாசாரம்தானே, பக்கத்தில் நிற்பவருக்குத்தான் கேட்கக்கூடாது. மைக் சட்டையில் இருப்பது ஞாபகம் வந்துவிட்டால் இன்னொரு கூத்து. தலையைக் குனிந்து காலரைப் பார்த்துப் பேசுவார். முகமே வராது.

அடுத்தது ஃபிரேம். எம்-7 காலத்தில் படம் அகலம். மேடையின் இந்தக் கோடியில் வேலனும் அந்தக் கோடியில் வள்ளியும் நின்று காதலிக்கலாம். நின்றார்கள். ஆணும் பெண்ணும் மேடையில் எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பதில் ஸ்திரீபார்ட் அக்காமார் வெகு கண்டிப்பு. ஊர் பார்த்துக்கொண்டிருக்கும், மறுநாள் அதே ஊர் பேசவும் செய்யும். அந்த இடைவெளிதான் ஒரு நடிகையின் மரியாதைக்குக் காவல். இப்போதைய படமோ நட்டுக்குத்து. இரண்டு பேர் உள்ளே அடங்க வேண்டுமென்றால் தோளோடு தோள் இடிக்க வேண்டும்.

“பாட்டி, தாத்தா பக்கத்துல இன்னும் கொஞ்சம் ஒட்டி வாங்க.”

“இதுக்கு மேல எங்கிட்டு ஒட்டுறது? இவரு எனக்கு முருகனா நின்னு மாலையே போட்டுருக்காரு, அப்பக்கூட நான் இவ்வளவு கிட்டத்துல நின்னதில்ல.” பிறகு அவர் பக்கம் திரும்பி, “அண்ணே, நீங்க கொஞ்சம் அங்கிட்டுத் தள்ளுங்க” என்பார்.

மேடையில் கணவன் மனைவி, இறங்கியதும் அண்ணன் தங்கை. அது அந்தத் தொழிலின் பழைய ஏற்பாடு. வீடியோவில் புருஷன் பெண்சாதியாக வரும் இருவரும் ஃபிரேமுக்குள் பாதி பாதியாகத் தெரிய, பையன் கடைசியில் ஒரு தீர்வு கண்டுபிடித்தான். அவர் திண்ணையில் உட்கார்ந்திருப்பார், அக்கா பின்னால் வாசல்படியில் நின்று திட்டுவார். மேலும் கீழுமாக இருவரும் அடங்கிவிடுவார்கள். எங்கள் சேனலுக்கென்று ஒரு தனி ஸ்டைல் இருப்பதாகச் சினிமாக்காரர் ஒருவர் பையனிடம் பாராட்டினாராம். அந்த ஸ்டைல் ஒரு ஸ்திரீபார்ட்டின் பிடிவாதம்.

கன்டினியூட்டி பற்றி எழுதாமல் விட முடியாது. சினிமாவில் அசிஸ்டென்ட்டுகள் மாலை, பொட்டு, கைக்கடிகாரம் எல்லாம் பார்த்து எழுதிக்கொள்வார்கள். எங்களுக்குப் பல்செட். முதல் ஷாட்டில் பல் இருக்கும். நடுவில் டீ வரும், பபூன் அண்ணன் பல்லைக் கழற்றித் துண்டில் முடிந்து வைப்பார். அடுத்த ஷாட்டில் அதே வசனத்தைப் பொக்கை வாயோடு ஆரம்பிப்பார். ஒரு வீடியோவில் பேரனைத் திட்ட ஆரம்பிக்கும்போது பல் இருக்கிறது, திட்டி முடிக்கும்போது இல்லை. பையன் அதைக் கவனிக்காமல் போட்டுவிட்டான். ஜனங்கள் அதைக் காமெடி என்று நினைத்துத் தேடித்தேடிப் பார்த்தார்கள். இப்போது பபூன் அண்ணன் வேண்டுமென்றே ஷாட்டுக்கு நடுவில் பல்லைக் கழற்றுகிறார். நாங்களும் தடுப்பதில்லை.

நேரமும் தலைகீழ். ராத்திரி இரண்டு மணிக்கு உச்சஸ்தாயியில் விருத்தம் பாடியவர்களுக்கு மத்தியானம் இரண்டு மணிக்குக் கண் சொருகும். சர்க்கரை மாத்திரை போட்டவருக்கு அரை மணி நேரம் பிந்தினால் கை நடுங்கும். பிரஷர்க்காரருக்கு வெயில் ஆகாது. காலையில் இளவெயிலில் எடுத்தால் முகம் நன்றாக இருக்கும் என்று பையன் ஆசைப்படுவான். ஆறு மணிக்கு இவர்களை எழுப்ப யாராலும் முடியாது. அது அவர்கள் வேஷம் கலைத்துவிட்டுத் தூங்கப் போன நேரம், உடம்பு இன்னும் அந்தக் கணக்கை விடவில்லை. ஆகையால் பதினோரு மணிக்கு மேல் மூன்று மணிக்குள், திண்ணை நிழலில், இட்லிக்கும் மாத்திரைக்கும் நடுவே எங்கள் கலைச்சேவை நடக்கிறது.

பையனுக்கு ஆரம்பத்தில் இவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று ஒரு நினைப்பு இருந்தது. ஒருநாள் எல்லாரையும் உட்கார வைத்து வகுப்பெடுத்தான். முதல் மூன்று செகண்டில் பார்ப்பவனைப் பிடிக்காவிட்டால் அவன் விரலால் தள்ளிவிட்டுப் போய்விடுவான், அவனைக் கடைசிவரை உட்கார வைப்பதுதான் வித்தை, அதற்குப் பெயர் ரிடென்ஷன் என்றான். பபூன் அண்ணன் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு பொறுமையாகக் கேட்டார்.

“பத்து மணிக்கு ஒருத்தன் பாய விரிச்சிக்கிட்டிருப்பான். ஒருத்தி பிள்ளைக்குப் பால் குடுத்துக்கிட்டிருப்பா. நாலு பேரு டீக்கடைக்குக் கெளம்பிக்கிட்டிருப்பாய்ங்க. அந்நேரத்துல பபூன் உள்ள வரணும். கெளம்புனவன் நிக்கணும். நிக்கலேன்னா மறுவருசம் அந்த ஊர்ல எனக்கு நாடகம் கிடையாது. என்னமோ பேரு சொன்னியேப்பா?”

“ரிடென்ஷன், தாத்தா.”

“எங்களுக்குப் பேரெல்லாம் தெரியாது.”

அதன் பிறகு வீடியோவின் முதல் வரியை அவரிடமே விட்டுவிட்டோம். அதில் ஒரே சங்கடம், அவருடைய முதல் வரிகளில் பாதியை வெளியே போட முடியாது. திருவிழா மேடையில் நள்ளிரவில் இளவட்டங்கள் விசிலடித்த வரிகள் அவை. பையன் பயந்துபோய் ‘பீப்’ போட்டான். பீப் வந்த இடத்தில் அவரவர் தங்களுக்குத் தெரிந்ததை நிரப்பிக்கொண்டு இன்னும் பலமாகச் சிரித்தார்கள். அவர் சொன்னதைவிட மோசமானதைத்தான் நிரப்பியிருப்பார்கள்.

நோட்டீஸ் சண்டையும் அப்படியே புதுத் துணி கட்டிக்கொண்டு வந்தது. நாடக நோட்டீஸில் ஒவ்வொரு நடிகருக்கும் ஒரு சின்னப் போட்டோ இருக்கும். யார் படம் மேலே, யார் படம் பெரிசு என்பதற்கு அந்தக் காலத்தில் பேச்சுவார்த்தை முறிந்ததுண்டு. முப்பது வயதில் ஸ்டூடியோவில் எடுத்த படத்தையே அறுபது வயதிலும் அச்சடிப்பார்கள். நோட்டீஸைப் பார்த்து வந்தவர்கள் மேடையைப் பார்த்துத் திகைத்ததும் உண்டு. இப்போது தம்ப்நெயில். ராஜபார்ட் அண்ணன் பர்ஸிலிருந்து அந்த ஸ்டூடியோ படத்தை எடுத்து, “தம்பி, இதப் போடு” என்றார். பையன் அதையும் போட்டான், பக்கத்தில் பவுடர் அடித்த தலையையும் போட்டு, நடுவில் ஒரு அம்புக்குறியும் போட்டான். அன்றும் இன்றும். அந்த வீடியோ நன்றாக ஓடியது. அண்ணனுக்கு மட்டும் அந்த அம்புக்குறி எந்தப் பக்கம் போகிறது என்பதில் இன்றுவரை வருத்தம்.

காசு விஷயத்தை விளக்கியதைப் போலக் கஷ்டப்பட்ட வேலை வேறு இல்லை. நாங்கள் ஆளுக்கு ஆயிரம் ரூபாய், ஆட்டோ, சாப்பாடு என்று கையில் கொடுத்துவிடுவோம். அது அவர்களுக்குப் புரியும். சேனலுக்கு எங்கிருந்து வருகிறது என்பதுதான் புரியவில்லை.

“யாரு கமிட்டி?” என்றார் பபூன் அண்ணன்.

“கூகுள்ணே.”

“எந்த ஊரு?”

“அமெரிக்கா.”

“அங்க நம்ம நாடகத்தப் பாக்குறாகளா?”

“பாக்க மாட்டாங்க. நடுவுல விளம்பரம் வரும், அதுக்குக் குடுப்பாங்க.”

“விளம்பரம் யாரு சொல்றது? மைக்ல நான் சொல்லிருவேனே. நகைக்கடை, உரக்கடை எத்தன சொல்லிருக்கேன்.” இது உண்மை. பவளக்கொடி தோட்டத்துக்குள் அர்ச்சுனன் நுழையும் நேரத்தில் உள்ளூர் அரிசி மண்டிக்காரருக்கு நன்றி சொன்னவர் அவர்.

“மெஷின் போட்டுக்கிரும்ணே. ஆனா மொதல்ல ஆயிரம் பேரு நம்ம சேனல்ல சேரணும். அப்புறம் ஒண்ணு வருசத்துல நாலாயிரம் மணி நேரம் ஜனங்க பாத்திருக்கணும், இல்லேன்னா மூணு மாசத்துல ஷார்ட்ஸ் ஒரு கோடித் தடவ பாத்திருக்கணும். அதுக்கு மேலதான் கணக்கு. நூறு டாலர் சேந்தாத்தான் அனுப்புவாங்க.”

“விடியக்காலம் குடுத்துருவாகளா?”

“அடுத்த மாசம் இருபத்தொண்ணாந் தேதிக்கு மேல.”

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். “இந்தக் கமிட்டிகிட்ட அட்வான்ஸ் வாங்காம ஒத்துக்கிட்டிருக்கக்கூடாது தம்பி.”

ஆனால் இதிலெல்லாம் என்னை உறுத்துவது வேறு. வயதானவர்களைத் திரையில் பார்க்க ஜனங்களுக்குப் பிடித்திருக்கிறது, அதில் எனக்கு மகிழ்ச்சிதான். தெலங்கானாவில் லம்பாடிப்பள்ளி கிராமத்துக் கங்கவ்வா என்ற கூலித் தொழிலாளி ‘மை வில்லேஜ் ஷோ’ காமெடி வீடியோக்களில் வந்து, அங்கிருந்து சினிமாவுக்கும், 2020-ல் தெலுங்கு பிக் பாஸ் வீட்டுக்கும் போனார். புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்ன வீரமங்கலத்தில் பெரியதம்பித் தாத்தாவும் பேரன்களும் வயல்காட்டில் சமைத்த ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’ 2021-ல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தாண்டியது, மறுவருஷம் அவர்கள் ‘விக்ரம்’ படத்தில் வந்து சமைத்தார்கள். எங்கள் உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயி நல்லாண்டி, 2022-ல் வந்த ‘கடைசி விவசாயி’க்குக் கதாநாயகர். படம் வெளியாகும் முன்பே இறந்துபோனார், தேசிய விருதில் சிறப்புக் குறிப்பு அவர் பெயருக்கு வந்தது. இவர்கள் யாரும் நடிப்பைத் தொழிலாகக் கொண்டவர்கள் இல்லை. இவர்களைப் பார்த்துப் பார்த்து, திரையில் நரைமுடி தெரிந்தால் அது நடிப்பாக இருக்க முடியாது என்று ஜனங்கள் முடிவுகட்டிவிட்டார்கள்.

வாசல்படியில் நின்று திட்டும் எங்கள் வள்ளி அக்காவின் கேஸ் இதுதான். பேரன் புதுப் போன் வாங்கித் தருகிறான், அதிலிருக்கும் பெண்குரல் பேசுகிறது, யாரோ வீட்டுக்குள் வந்துவிட்டாள் என்று நினைத்துப் பாட்டி அந்தக் குரலைத் திட்டித் தீர்க்கிறாள். இதுதான் காட்சி. பையன் எழுதியது நான்கு வரி. மீதி முழுக்க அக்கா அங்கேயே கட்டியது. போனைக் காதில் வைத்து, தள்ளி வைத்து, முந்தானையால் மூடி வைத்து, மூடியதற்குள்ளிருந்து மறுபடி குரல் வந்ததும் ஒரு விநாடி நிறுத்தினார் பாருங்கள், அந்த ஒரு விநாடியை வாங்கச் சினிமாவில் இருபது டேக் போகும். எல்லாரும் கொண்டாடினார்கள். என்ன சொல்லிக் கொண்டாடினார்கள்? “பாட்டிக்கு நடிக்கவே தெரியல, அதுதான் அழகு.” “வெகுளி.” “இப்படி ஒரு அப்பாவியை வைத்துக் காசு பார்க்கிறார்களே” என்று எங்களுக்கு ஒரு கொட்டு வேறு.

வள்ளி, பவளக்கொடி, நல்லதங்காள் எல்லாம் ஆடியவர். சந்திரமதியாகச் சுடுகாட்டில் லோகிதாசனை மடியில் போட்டுக்கொண்டு இவர் அழுத ராத்திரிகளில், கேமராவின் கண்ணாடித் துளைக்குள் எனக்கு எதுவும் தெரியாமல் போனதுண்டு.

பையன் ஆசையாக எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினான். அக்கா கேட்டுவிட்டு, “நடிக்கத் தெரியலன்னா எழுதியிருக்காங்க?” என்றார். பாராட்டித்தான் எழுதியிருக்கிறார்கள் என்றேன். “அப்ப அடுத்த தடவ நடிச்சிரட்டுமா?” என்றார்.

நடித்தார். மயான காண்டத்தில் ஒரு துண்டு. திண்ணைதான், பவுடர்கூடப் போடவில்லை. எடுத்து முடித்தபோது பையன் பேசாமல் உள்ளே போய்த் தண்ணீர் குடித்தான். அதைப் பார்த்தவர்கள் எங்கள் சொந்தக்காரர்களும், மலேசியாவில் ஒருவரும். பாட்டி நன்றாகத் திட்டுவார்களே, ஏன் இந்த சோகம் என்று கேட்டார்கள். மறுவாரம் அக்கா மிக்ஸியைத் திட்டினார். லட்சத்தைத் தாண்டியது.

அக்காவுக்கு இதில் துக்கம் ஒன்றும் இல்லை என்றுதான் சொல்கிறார். அவருடைய கணக்கு வேறு. பெண்ணைக் கட்டிக் கொடுத்தபோது, தான் நாடகத்தில் இருப்பதைச் சம்பந்தி வீட்டுக்குச் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் கல்யாணம் நடந்திருக்காது. நாடகத்துக்குப் போகும்போது வேனில் உள்பக்க சீட், ஜன்னல் சாத்தியிருக்கும். ஊர் எல்லை தாண்டித்தான் பூ வைத்துக்கொள்வார். வாடகைக்கு வீடு கேட்டால் என்ன வேலை என்ற கேள்விக்குத் தையல் என்று பதில். இத்தனை வருஷம் கட்டிக் காப்பாற்றியதை ஒரு நிமிஷ வீடியோ உடைத்துவிடுமோ என்று நான் பயந்தேன். சம்பந்தி அம்மாள் போன் செய்தார். “நீங்க யூடியூப்ல வர்றீங்களாமே, சொல்லவேயில்ல? எனக்கும் ஒரு சீன் கேட்டுச் சொல்லுங்க.” வந்தார், ஒரு வீடியோவில் பக்கத்து வீட்டுக்காரியாக இரண்டு வரி பேசினார். கேமராவைப் பார்த்ததும் கை கால் உதறியது. அக்காதான் தோளில் கைபோட்டு, நடுக்கத்தை நடிப்பாக மாற்றி, அவரையும் கரை சேர்த்தார். “உங்களுக்கு மட்டும் எப்படிச் சம்பந்தி பயமே வரல?” என்று கேட்டாராம். நாடகத்தில் நடித்தது அந்த வீட்டுக்கு இன்னும் தெரியாது.

போன மாதம் ஒரு சமாசாரம். தினைப்புனத்தில் வள்ளி பறவை விரட்டும் பாட்டை அக்கா சும்மா உட்கார்ந்திருந்தபோது பாடினார். பையன் எடுத்துப் போட்டுவிட்டான். ராஜபார்ட் அண்ணன் அதைக் கேட்டுவிட்டு, “தங்கச்சிக்கு அரைக்கட்டை எறங்கிருச்சு. அந்தக் காலத்துல அஞ்சு கட்டையில நின்ன சாரீரம்” என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். அக்கா அதற்குப் பிறகு அவரோடு சரியாகப் பேசவில்லை. திண்ணைக்கும் வாசல்படிக்கும் நடுவே இன்னும் ஒரு முழம் கூடியது.

இரண்டு நாள் கழித்துப் பையனுக்கு ஒரு மின்னஞ்சல். அந்தப் பாட்டின் காப்புரிமை ஒரு கேசட் கம்பெனியுடையதாம், அந்த வீடியோவில் வரும் காசு அவர்களுக்குத்தான் போகுமாம். பாட்டை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் மறைந்தே நூறு வருஷம் ஆகிவிட்டது, யாருக்கு என்ன உரிமை என்று பையன் குதித்தான். பிறகு அந்தக் கேசட் எது என்று தேடிப் போட்டுக் கேட்டோம். அக்கா குரல். முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் பஸ் சார்ஜும் ஒரு தொகையும் கொடுத்து, ஏதோ காகிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பதிவு செய்த கேசட்.

அக்காவிடம் இதை எப்படிச் சொல்வது என்று தயங்கித் தயங்கிச் சொன்னோம். அவருடைய பாட்டுக்கு அவரே காசு வாங்க முடியாது என்பதை அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

“ரெண்டும் ஒண்ணுன்னு யாரு கண்டுபிடிச்சது?”

“ஆளு இல்ல பாட்டி, மெஷின். புதுசா நீங்க பாடுனதையும் பழைய கேசட்டையும் ஒத்துப் பாத்துட்டு, ரெண்டும் ஒண்ணுதான்னு சொல்லுது. நான் மறுத்து எழுதப்போறேன், இது வேறன்னு.”

“மறுத்து எழுதாத.”

“ஏன் பாட்டி? காசு போகும்.”

“போகட்டும். வேறன்னு எழுதிக் கிழுதித் தொலச்சிராத. அந்த லெட்டர மொதல்ல ஒரு பிரிண்டு போட்டுக் குடு. அண்ணே ஞாயித்துக்கெழம வருவாருல்ல, படிச்சுப் பாக்கட்டும்.”